கடவுள் நம்பிக்கையை முதலீடாகக் கணக்கிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. மாதச் சம்பளம் 85,000 ரூபாய். வீட்டுக்கடன் இன்னும் 9 ஆண்டுகள் இருக்கிறது. டெர்ம் இன்ஷூரன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுக்கவில்லை. மகளின் கல்லூரிப் படிப்புக்காக ஃபிக்ஸட் டெபாசிட்டில் வைத்திருக்கும் 7 லட்சத்தில் 4 லட்சத்தைக் கோயில் திருப்பணிக்குக் கொடுக்கச் சொல்கிறார் மைத்துனர். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. “சாமி இருந்தால் கிடைப்பதற்கு அளவே இல்லை, இல்லாவிட்டால் 4 லட்சத்தோடு போயிற்று. இன்ஷூரன்ஸ் பிரீமியமாக நினைத்துக்கொள்ளுங்கள், மச்சான்” என்கிறார். இது நல்ல பந்தயம்தானா?

பதில்: உங்கள் மைத்துனரின் வாதம் பழமையானது, எளிதில் தள்ளிவிடக் கூடியதும் அன்று. பாதியில் நின்றுபோன சூதாட்டத்தின் பணயத்தொகையை ஆட்டக்காரர்களுக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 1654இல் கணித மேதை ஃபெர்மாவோடு கடிதங்களில் விவாதித்தார். நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளமிட்ட கடிதங்கள் அவை. அதே சிந்தனையைக் கடவுளுக்கும் பொருத்தி அவர் எழுதிவைத்த குறிப்பு, அவர் மறைந்து 8 ஆண்டுகளுக்குப் பின், 1670இல் அச்சேறியது. கடவுள் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு சிறியதானாலும், அதை முடிவில்லாத பேரின்பத்தால் பெருக்கினால் வருவதும் முடிவில்லாததே. இவ்வுலகில் இழப்பதோ அளவுக்கு உட்பட்டது. ஆகவே நம்புவதே அறிவுடைமை என்பது அவர் முடிவு.

இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். ஆனால் கடைசிவரை போட்டுப் பார்த்தால், 4 லட்சம் என்ற எண் அதில் எங்குமே வருவதில்லை. முடிவிலியிலிருந்து 4 லட்சத்தைக் கழித்தாலும் முடிவிலிதான், 4 ரூபாயைக் கழித்தாலும் முடிவிலிதான். உண்டியலில் போடும் ஒற்றை நாணயத்துக்கும் அதே விடை வருகிறபோது, எவ்வளவு கொடுப்பது என்பதை இந்த வாதத்தால் தீர்மானிக்க இயலாது. டெர்ம் இன்ஷூரன்ஸில் நிலைமை வேறு: எந்த வயதினரில் ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்னும் இறப்பு அட்டவணை நிறுவனத்திடம் இருக்கிறது, இழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரண்டும் இருப்பதால்தான் பிரீமியத்தை நியாயமானதா என்று எடைபோட முடிகிறது.

இதே தருக்கத்தை ஓர் இமாமும் இதே வலிமையோடு எடுத்துரைக்கலாம் என்று 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் திதரோ சுட்டிக்காட்டினார். உங்கள் ஊர்க் கோயிலுக்குச் சொல்லும் கணக்கு பக்கத்து ஊர் மாதாகோயிலுக்கும் தர்காவுக்கும் அப்படியே பொருந்துமென்றால், அந்தக் கணக்கை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

பாஸ்கல் கேட்ட பணயமும் சேமிப்புப் பணம் அன்று. நம்ப முடியவில்லையே என்று தவிப்பவரிடம், நம்புகிறவர்கள் செய்வதையே செய்து வழிபாட்டில் பழகும்படி சொன்னார். அதனால் இழக்கப்போவது கேடான இன்பங்களையும் பகட்டையும், பெறப்போவது நேர்மையையும் பணிவையும் நன்றியுணர்வையும் என்றார். அங்கே பணயம் வைப்பவரும் பலனை அடைபவரும் ஒருவரே. உங்கள் வீட்டிலோ பணயமாவது மகளின் படிப்பு; அவளைக் கேட்காமலே அது வைக்கப்படுகிறது. கடவுள் இருக்கிறாரா என்பதில் உங்களுக்கும் மைத்துனருக்கும் உள்ள கருத்து எதுவானாலும், இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

என் தொழிலுக்கு அப்பாற்பட்ட ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். அன்பினால் கும்பிடுவதைத் தவிர வீடுபேற்றையும் வேண்டாதவர்கள் என்று அடியார்களைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் போற்றுகிறார். பரிசையே வேண்டாமென்றவர்களைக் கொண்டாடும் மரபு இது. நம்பிக்கையில்லாத நீங்கள் லாபம் கருதி அந்த வாசலில் பெருந்தொகையை வைப்பது, உண்மையாக நம்புகிறவர்களுக்கும் உங்கள் நேர்மைக்கும் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

முதலில், மீதமுள்ள வீட்டுக்கடனையும் குடும்பத்தின் பல ஆண்டுச் செலவையும் ஈடுகட்டும் அளவுக்கு டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே சேருங்கள். அதன் பிறகும், ஊருக்காகவோ மனைவியின் மன நிறைவுக்காகவோ திருப்பணியில் பங்குகொள்ள விரும்பினால், மாதச் சம்பளத்தின் மிச்சத்திலிருந்து, திரும்ப எதையும் எதிர்பாராமல் கொடுங்கள். வரிச்சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால், புதிய வரிமுறையில் இத்தகைய நன்கொடைக்குக் கழிவு இல்லை என்பதையும், பழைய முறையிலும் உரிய அங்கீகாரம் பெற்ற கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ தந்தால்தான் உண்டு என்பதையும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருவதற்கு அதுவும் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்காதீர்கள். மகள் கல்லூரியில் சேரும் ஆண்டில் முதிர்வடையும்படி புதுப்பித்து வையுங்கள்.