முட்டையாகும் சக்கரம், அழுக்காகும் பூ

கேள்வி: முற்றத்தில் நிற்கும் பழைய சைக்கிள், அதன் முன்கூடை நிறைய சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கள். வாட்டர்கலரில் மூன்று முறை வரைந்துவிட்டேன். சக்கரம் முட்டைபோல் கோணிக்கொள்கிறது, பூக்கள் அழுக்கு நிறமாகின்றன. எப்படிச் சரிசெய்வது?

பதில்: பிரஷைத் தொடுமுன் பென்சிலில் சக்கரத்தைச் சரிசெய்துவிடுங்கள். அது கோணினால் எவ்வளவு அழகான பூவும் படத்தைக் காப்பாற்றாது.

நேர் பக்கவாட்டில் பார்த்தால்தான் சக்கரம் வட்டம். சற்றுத் தள்ளி நின்றால் அது நீள்வட்டம். அந்த நீள்வட்டத்தை எப்போதும் செங்குத்தாக நிறுத்துவதால்தான் பெரும்பாலும் கோணல் வருகிறது. சக்கரத்தின் நடுவே போகும் அச்சுக்கம்பி உங்கள் கண்ணுக்கு எந்தச் சாய்வில் தெரிகிறதோ, நீள்வட்டத்தின் குறுகிய அச்சும் (அகலம் குறைந்த திசையில் போகும் நடுக்கோடு) அதே சாய்வில் இருக்க வேண்டும். ஆகவே அந்தக் கோட்டை முதலில் லேசாகப் போட்டு, அதற்குக் குறுக்கே நீள்வட்டத்தை உட்காரவையுங்கள். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஹேண்டில்பார் பெரும்பாலும் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். அப்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அகலத்தில் தெரியாது. ஒத்துவரவில்லையே என்று அழித்தால், சரியாக வந்ததையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

பழைய ரோட்ஸ்டர் வகை (கனமான சாதாரண) சைக்கிள்களில் முன்னே 32, பின்னே 40 போக்ஸ் கம்பிகள் இருப்பது வழக்கம். அத்தனையும் வேண்டாம். வெளிச்சம் படும் இடத்தில் ஏழெட்டு போதும், மீதியைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும். ஆனால் அவற்றை நடுப்புள்ளியிலிருந்து சூரியக் கதிர்போல் இழுக்காதீர்கள். அவை சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் என்ற உருளையின் விளிம்பிலிருந்து சாய்வாகக் கிளம்பி ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். இந்தச் சின்ன விஷயம்தான் பார்த்து வரைந்த படம் என்று காட்டிக்கொடுக்கும்.

சரி, பூக்கள். சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள், ஈரத்தில் சேர்ந்தால் பழுப்புதான் மிஞ்சும். சிவப்புப் பூக்களை முதலில் போட்டு முழுக்கக் காயவிடுங்கள். புறங்கையைத் தாளுக்கு மேல் லேசாக வைத்தால் சில்லென்று இருக்கிறதா? இன்னும் ஈரம் போகவில்லை. காய்ந்த பிறகு இலைப்பச்சையைப் பூவைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். வெள்ளைப் பூவுக்கு வண்ணமே வேண்டாம். தாளின் வெள்ளையை அப்படியே விட்டு, சுற்றிலும் அடர்பச்சை வைத்தால் பூ தானாக எழுந்து நிற்கும்.

துருவுக்கு இதற்கு நேர்மாறு, அங்கே கலக்க விடுவதுதான் அழகு. ஈரமான பர்ன்ட் சியன்னாவில் (செம்பழுப்பு வண்ணம்) அல்ட்ராமரைன் நீலத்தைச் சொட்டவிட்டு, பிரஷை எடுத்துவிடுங்கள்.

அப்புறம், நிழல். கூடையைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். டயர் தரையைத் தொடும் அதே இடத்திலிருந்து நிழல் தொடங்க வேண்டும், நூலளவு இடைவெளி விட்டாலும் சைக்கிள் மிதக்கும். தேவையான அளவு வண்ணத்தை முன்பே கலக்கி வைத்துக்கொண்டு, முழு நிழலையும் நிறுத்தாமல் போட்டு முடியுங்கள். காயும்வரை அதைத் திரும்பத் தொட வேண்டாம்.