சத்திரத்தை இடித்துத்தான் தங்குமிடம் கட்ட வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் திருவிதாங்கூர்க் காலத்து ஓட்டுச் சத்திரம் ஒன்று பாழடைந்து கிடக்கிறது. அதை இடித்துவிட்டு, வீடற்றவர்கள் 50 பேர் தங்குவதற்குப் புதுக் கட்டடம் கட்டப்போகிறார்கள். பாரம்பரியம் போகிறது என்று சிலர் கையெழுத்து வாங்குகிறார்கள். அவர்களுடைய மனுவின் நகலை இணைத்திருக்கிறேன். தெருவில் படுப்பவருக்குக் கூரை முக்கியமா, பழைய ஓடும் மரமும் முக்கியமா? நீங்கள் எந்தப் பக்கம்?
— ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்ட மேற்கு எல்லை

பதில்: கூரையின் பக்கம். ஆனால் சத்திரத்துக்கு ஏற்கெனவே ஒரு கூரை இருக்கிறது; அதை உங்கள் கேள்வி கணக்கில் சேர்க்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த வாரத்திலேயே ஒரு மாலையில் நேரில் போய்ப் பார்த்தேன். முன்திண்ணையில் ஏழு பேர் படுக்க இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வயதான அம்மா ஒருவர் உரச்சாக்கைப் பிரித்து விரித்து, ஒழுகும் மூலையை விட்டு இரண்டு முழம் தள்ளித் தலை வைத்திருந்தார். ஓடு உடைந்த இடத்தில் மட்டும், ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கழுக்கோலின் நுனியைக் கரையான் தின்றிருக்கிறது. மற்ற இடங்களில் அயனி மரத்தை நகத்தால் சுரண்டினால் உள்ளே இன்னும் மஞ்சள் நிறம் தெரிகிறது. சுவர் உப்பி உதிர்வது உண்மைதான். ஆனால் அது உதிர்வது, பிற்காலத்தில் யாரோ சிமெண்ட் பூசிய பகுதியில்தான். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும்.

காலடியால் அளந்ததில், முற்றம் நீங்கலாகக் கூடமும் இரு சிறகுகளும் ஏறத்தாழ 3,000 சதுர அடி வருகின்றன. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வீடற்றோர் தங்குமிடங்களுக்கு வகுத்த நெறிகள், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி வேண்டும் என்கின்றன. அந்தக் கணக்கில் 60 பேர் படுக்கலாம். புதுக் கட்டடத்துக்குத் திட்டமிட்டதோ 50 பேர். சமையலறைக்கும் கழிப்பறைகளுக்கும் பின்புறம் கிணற்றடியில் இடம் கிடக்கிறது. இருக்கிற பொதுக் கட்டடத்தைச் சீர்செய்து தங்குமிடமாக்கலாம் என்று அதே நெறிகள் அனுமதிக்கவும் செய்கின்றன. பிறகு எதற்காக இடிக்க வேண்டும்? எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பழைய உத்தரத்துக்கும் கதவுக்கும் இருக்கிற கிராக்கியை நீங்கள் அறியாதவர் அல்லர். யார் மீதும் நான் குற்றம் சாட்டவில்லை. இடிப்பு ஏலத்தில் அந்த மரத்துக்கு என்ன மதிப்புப் போட்டிருக்கிறார்கள் என்பதை வெளியிட்டால் போதும்.

கையெழுத்து வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மனுவின் முதல் இரண்டு பத்திகளில் பாரம்பரியம் இருக்கிறது. மூன்றாவது பத்தியில் ‘கண்டவர்களும் வந்து தங்கினால் கடைத்தெருவின் சூழல் கெடும்’ என்று இருக்கிறது. முதல் இரண்டும் எதற்காக எழுதப்பட்டன என்பதை மூன்றாவது பத்தி காட்டிக்கொடுத்துவிடுகிறது. சுவரில் அரசமரம் வேர்விட்ட நாளில் ஒரு மண்வெட்டியோடு இவர்களில் யாரும் வரவில்லை. போகட்டும், எந்தப் பாரம்பரியம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த மண்ணில் சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடப்பதற்கே 1926இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12ஆம் தேதிதான் வந்தது. அந்தக் காலத்துச் சத்திரங்களும் சோறு போடும் ஊட்டுப்புரைகளும் எல்லாரையும் ஒன்றுபோல உள்ளே அழைத்தவை அல்ல. சாதி கேட்டுத் திறந்த கதவை இன்று எதுவும் கேட்காமல் திறந்து வைத்தால், அந்தக் கட்டடத்தின் கதை கெட்டுப்போகாது. விட்டுப்போன அத்தியாயம் எழுதப்படும். பூட்டி வைத்துப் பெயர்ப்பலகை மாட்டுவதற்காக மட்டும் அதைக் காப்பாற்றச் சொன்னால், அந்த மனுவில் என் கையெழுத்து இருக்காது.

பழையது எல்லாம் நிற்க வேண்டும் என்பதும் என் கட்சி அல்ல. சுண்ணாம்பும் மரமும் அறிந்த ஒரு கட்டமைப்புப் பொறியாளர் ஏறிப் பார்த்து, தாங்கு சுவர்கள் தேறாது என்று எழுதிக் கொடுத்தால் இடித்துவிடட்டும். உறங்குகிறவர் மேல் உத்தரம் விழுவதைவிட அது மேல். நகராட்சி சொல்லும் காரணமோ ‘பழமையானது, பயன்பாட்டில் இல்லை’ என்கிற ஒற்றை வரிதான். பழமை ஒரு நோய் அல்ல. பயன்பாட்டில் இல்லை என்பதோ, ஏழு பேர் படுக்கும் திண்ணையைப் பற்றிச் சொல்லப்படுகிற பச்சைப் பொய்.

இன்னொன்று: குமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. இடிப்பு, ஒப்பந்தப்புள்ளி, அடித்தளம், திறப்பு விழாவுக்கு அமைச்சரின் தேதி என்று எத்தனை மழை கடக்கும் என்பதை நம் ஊர் வழக்கம் தெரிந்த நீங்களே எண்ணிப் பாருங்கள். கூரையைப் பழுது பார்ப்பதற்கு ஒரு கோடைக்காலம் போதும். ஒரு சிறகில் வேலை நடக்கும்போது மறு சிறகில் ஆட்கள் படுத்துக்கொள்ளலாம்.

அடுத்த மன்றக் கூட்டத்தின்போது உங்கள் வார்டு உறுப்பினரிடம் பொறியாளர் அறிக்கையைக் கேளுங்கள், மரத்தின் மதிப்பீட்டையும் கேளுங்கள். இடிக்கத் தொடங்கும் அன்று இரவு அந்த ஏழு பேரும் எங்கே படுப்பார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் கடிதத்திலும் மனுவிலும் நகராட்சி அறிவிப்பிலும் தேடினேன். அதற்கு மட்டும் ஒரு வரி கூட இல்லை.