ஒரு பெட்டிக்குள் நான்கு தீபாவளிகள்

கணினி கேள்வி–பதில்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. என் கணவரின் மடிக்கணினியில் இருந்தவற்றை, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு வரும்போதெல்லாம் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து வைப்பான். இப்போது அதில் 'பேக்கப்', 'பேக்கப் புதியது', 'அப்பா லேப்டாப் முழுவதும்', 'பேக்கப் கடைசி' என்று நான்கு ஃபோல்டர்கள். 'ஃபைல் ஹிஸ்டரி' என்று ஐந்தாவதாக ஒன்று தானாக முளைத்திருக்கிறது. ஒரே பேரன் ஒரே மொட்டைத் தலையோடு நான்கு இடங்களில் சிரிக்கிறான். டிஸ்க் நிறைந்து சிவப்புக் கோடு காட்டுகிறது. 'கடைசி'யை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடலாமா? கணவர் இப்போது இல்லை. மடிக்கணினியும் பழுதாகி, பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. சுற்றுவட்டாரக் கோயில்களைப் பற்றி அவர் தமிழில் தட்டச்சு செய்த குறிப்புகளும் இந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன.
– வாசகி, கும்பகோணம்

பதில்: இன்றைக்கு எதையும் அழிக்காதீர்கள் அம்மா. உங்களிடம் நான்கு பிரதிகள் இருப்பதாக நினைக்கிறீர்கள். மடிக்கணினி வீட்டைவிட்டுப் போன அன்றே அந்தக் கணக்கு மாறிவிட்டது. இப்போது இருப்பது ஒரே ஒரு டிஸ்க். அது மேஜையிலிருந்து ஒருமுறை கீழே விழுந்தால் நான்கும் சேர்ந்தே போகும். நீங்கள் டெல்டாக்காரர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விதைநெல்லை நான்கு கோணிகளில் கட்டி ஒரே குதிருக்குள் வைத்தாலும் குதிருக்குள் தண்ணீர் புகுந்தால் எல்லாமே போச்சு.

ஆகவே முதல் வேலை, இன்னொரு டிஸ்க் வாங்குவது. 2 டிபி போதும். பழையதில் இருப்பதை அப்படியே, குப்பை உட்பட, புதியதில் பிரதி எடுங்கள். முடிய ஒரு பொழுது ஆகலாம். நடுவில் கேபிளை உருவ வேண்டாம். பிறகு பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். கழிக்கிற வேலை எல்லாம் புதியதில்தான். கை தவறினாலும் பீரோவில் மூலம் இருக்கும்.

'கடைசி'யை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். இந்த இடத்தில் நானே ஒருமுறை விழுந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், என் தங்கை கல்யாணப் படங்கள் இரண்டு ஃபோல்டர்களில் இருந்தன. தேதியைப் பார்த்தேன், புதியதை வைத்துக்கொண்டு பழையதை அழித்தேன். அழித்து ஒரு மாதம் கழித்துதான் விஷயம் தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் மடிக்கணினியில் இடம் போதாமல், 'அதுதான் பேக்கப்பில் இருக்கிறதே' என்று பாதிப் படங்களை நானே மடிக்கணினியிலிருந்து நீக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு எடுத்த பிரதியில் அவை எப்படி வரும்? மண்டபத்துச் சமையற்கட்டில் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்த படம் பழையதில் மட்டும்தான் இருந்தது. இப்போது எதிலும் இல்லை. உங்கள் மகனும் ஏதாவது ஒரு தீபாவளிக்கு இதே போல இடம் ஒழித்திருப்பார். அவரைக் கேட்டுப் பாருங்கள், நிச்சயம் முழிப்பார்.

எனவே 'கடைசி'யை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அதனுடன் ஒப்பிட வேண்டும். கண்ணால் முடியாது. டூப்குரு, செக்காவ்கா போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பெயரை வைத்து ஒப்பிட விடாதீர்கள். உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். பல கேமராக்கள் 9999ஆவது படத்துக்குப் பிறகு மறுபடி 0001 என்று எண்ணத் தொடங்கிவிடும். ஆகவே ஒரே பெயரில் ஒன்றில் காதுகுத்து, இன்னொன்றில் கிரகப்பிரவேசம் என்று இருக்கலாம். உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடும்போது மென்பொருள் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை எடுக்கிறது. ஒரு காற்புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். ரேகை பொருந்தினால் தயங்காமல் ஒன்றைக் கழிக்கலாம்.

தேதியையும் முழுக்க நம்ப வேண்டாம். விண்டோஸில் ஒரு கோப்பைப் பிரதி எடுத்தால் 'உருவான தேதி' என்று பிரதி எடுத்த நாளைப் போட்டுவிடும். 'திருத்திய தேதி' பழையபடியே நிற்கும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்புகளைப் பார்த்து மிரளாதீர்கள். உங்களுக்குப் பயன்படுவது திருத்திய தேதிதான்.

பேரனின் மொட்டைப் படம் ஒன்று 4 எம்பியும் இன்னொன்று 200 கேபியும் இருந்தால், சிறியது பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாக வந்தது. அது படத்தைச் சுருக்கி, எடுத்த நாள் விவரத்தையும் உதிர்த்துவிடுகிறது. ரேகை பொருந்தாததால் மென்பொருள் இரண்டையும் வேறு வேறு என்றுதான் சொல்லும். பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: 1 கேபி, 2 கேபி அளவில் ஏதாவது இருந்து, ஓரத்தில் வளைந்த அம்புக்குறி தெரிந்தால் அது கோப்பே அல்ல; கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் ஷார்ட்கட். இதை மட்டும் பிரதி எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து 'அப்பா லேப்டாப் முழுவதும்'. பார்த்தாலே தூக்கிப் போடத் தோன்றும். முக்கால்வாசி விண்டோஸின் சொந்தக் கோப்புகள்தான். ஆனால் உங்கள் கணவர் தட்டச்சு செய்தது எந்தக் காலத்தில், எந்த எழுத்துருவில்? எல்லாக் கணினிகளிலும் தமிழ் ஒரே மாதிரி தெரியச் செய்யும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட் பரவுவதற்கு முன் எழுதியிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது கோயிலும் தெரியாது, கோபுரமும் தெரியாது; ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கிறுக்கல்தான் தெரியும். அதைப் பார்த்து 'கோப்பு கெட்டுவிட்டது' என்று அழித்தவர்கள் உண்டு. அந்த எழுத்துரு இருப்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரில். முதலில் அந்த ஃபோல்டரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பிறகுதான் மற்றவற்றில் கை வையுங்கள். எழுத்துருவை நிறுவி, குறிப்புகளைத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பிழை திருத்துங்கள். ஆசிரியைக்கு இதெல்லாம் பழக்கமான வேலைதான்.

ஃபைல் ஹிஸ்டரி தானாக முளைக்கவில்லை. உங்கள் மகனோ கணவரோ அதை இயக்கி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் 8இல் வந்த வசதி. மணிக்கு ஒருமுறை பார்த்து, மாறிய கோப்புகளை மட்டும் புதிதாகப் பிரதி எடுக்கும். வேறு ஏதும் சொல்லாவிட்டால் எதையும் அழிக்காது. அந்த மடிக்கணினி கையில் இருந்தால் கன்ட்ரோல் பேனலில் 'கிளீன் அப் வெர்ஷன்ஸ்' மூலம் பழையவற்றைக் குறைத்துவிடலாம். உங்களுக்கு அந்த வழி இல்லை. 'டேட்டா' என்ற உள் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் '2019_10_27 05_12_33 யுடிசி' என்பது போல ஒரு வால் இருக்கும். அது பிரதி எடுத்த நேரம்; யுடிசி என்பது உலகப் பொது நேரம். அதனுடன் ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம்: 2019 தீபாவளியன்று காலை 10.42.

இங்கே படங்களையும் வீடியோக்களையும் தாராளமாகக் கழியுங்கள். கணவரின் குறிப்புகளை மட்டும் வால் வாலாக அத்தனையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். எழுத்து இடம் அடைக்காது. ஒரு நிமிட வீடியோ நூறு எம்பியைத் தொட்டுவிடும். நூறு பக்கக் குறிப்பு சில நூறு கேபிதான். எந்தக் கோயிலைப் பற்றி முதலில் என்ன எழுதினார், எதை அடித்தார், எதைச் சேர்த்தார் என்பதெல்லாம் அந்த வரிசையில் இருக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: ஒப்பிடும் மென்பொருளை இந்த ஃபோல்டருக்குள் விடாதீர்கள்.

அழித்த பிறகும் சிவப்புக் கோடு குறையாவிட்டால் கலங்க வேண்டாம். அழித்தவை ரீசைக்கிள் பின்னில் இருக்கும். அதைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும்.

எல்லாம் முடிந்ததும் பீரோவில் உள்ள பழைய டிஸ்க்கை அடுத்த தீபாவளிக்கு மகனிடம் கொடுத்து அனுப்புங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய கணக்கு. உங்களுக்கு மூன்றாவது பிரதியாக, குறிப்புகளையும் நல்ல படங்களையும் மட்டும் இணையச் சேமிப்பில் ஏற்றினால் போதும்.

கேள்வி: என் மேக் கணினியின் டைம் மெஷின் டிஸ்க்கில் தேதி வாரியாக எக்கச்சக்கமான பேக்கப்கள். ஒவ்வொன்றும் முழுக் கணினி போலவே தெரிகிறது. பழையவற்றை நானே அழிக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம். முழுதாகத் தெரிந்தாலும், மாறாத கோப்பு டிஸ்க்கில் ஒருமுறைதான் இருக்கும். கடந்த 24 மணி நேரத்துக்கு மணிவாரியாக, ஒரு மாதத்துக்கு நாள்வாரியாக, அதற்கு முன் வாரவாரியாக வைத்துக்கொண்டு, இடம் நிறைந்தால் மிகப் பழையதைத் தானே கழித்துவிடும். டிஸ்க் நிறைந்திருப்பது அங்கே நோய் அல்ல.

கேள்வி: பென் டிரைவில் 20 ஜிபி காலி. 6 ஜிபி கல்யாண வீடியோவைப் பிரதி எடுக்க முயன்றால் 'கோப்பு மிகப் பெரியது' என்கிறதே?
– வாசகர், தேனி

பதில்: அந்த டிரைவ், கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய முறையான ஃபேட்32இல் இருக்கிறது. அதில் தனி ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். முதலில் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள்.