லண்டன் படிப்புக்குத் தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகள் ஊட்டியில் பி.காம் கடைசி வருடம். ஓவியங்களை வெளிநாட்டில் விற்கும் துறைக்குத்தான் போவேன் என்கிறாளாம். லண்டன் அத்தையோ, எம்.எஃப். உசைன் வரைந்த ஓவியம் ஒன்று பெரும் விலைக்கு ஏலம் போனதைச் சொல்லி, அங்கே ஒரு வருடம் ‘ஆர்ட் பிசினஸ்’ முதுகலை படித்தால் ஓவிய ஏல நிறுவனத்தில் வேலை நிச்சயம் என்கிறாராம். ஒன்றரை ஏக்கர் தேயிலையை அடமானம் வைக்கலாமா என்பது கேள்வி.

வைக்காதீர்கள் ஐயா. பச்சைத் தேயிலை விலையை நம்பி, பவுண்டில் கட்டணமும் வாடகையும் கட்ட முடியாது. ஓவியம் வாங்கும் பணக்கார வட்டத்தில் ஏற்கெனவே பழக்கமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் படிப்பு பலன் தரலாம். நமக்கு அந்த வட்டம் கிடையாது. எம்.பி.ஏ., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் சொந்தக்காரர்களே சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன்.

அத்தை சொன்ன உசைன் ஓவியத்துக்கு வருகிறேன். 2025 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1.37 கோடி டாலருக்கு மேல் போனது உண்மை. 1954-ல் வரைந்தது, ஒரு மருத்துவர் வாங்கி நார்வேக்குக் கொண்டுபோக, ஓஸ்லோ மருத்துவமனையில் பல பத்தாண்டுகள் தொங்கியது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதில் குழப்பமில்லை. அந்தத் தெளிவுக்கும் சேர்த்துத்தான் விலை.

அந்தத் தெளிவைக் காப்பதே ஒரு வேலை. ஓவியங்களை வைத்து விற்கும் கேலரிகளில் அதைச் செய்பவரை ரெஜிஸ்ட்ரார் என்பார்கள். ஓவியம் வந்து இறங்கியதும் முன்பக்கம், பின்பக்கம் போட்டோ எடுக்க வேண்டும். எந்த மூலையில் விரிசல், பிரேமில் எங்கே கீறல், காகிதத்தில் எங்கே பூஞ்சைப் புள்ளி என்று எழுத வேண்டும். (மாதக்கணக்கில் மஞ்சு இறங்கும் ஊரில் வளர்ந்தவளுக்குப் பூஞ்சையைப் பற்றிப் பாடம் எதற்கு?) அப்புறம் பேக்கிங். வெளிநாடு போகும் மரப்பெட்டி சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரமாக, கோதுமைக் கதிர் முத்திரையோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் துறைமுகத்திலேயே நிற்கும். கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் ஓவியத்துக்கு ஏடிஏ கார்னெட் என்ற சுங்கப் பத்திரம். ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில் ஓவியங்களை 1972-ம் வருடச் சட்டப்படி விற்பனைக்காக வெளியே அனுப்பவே முடியாது. விற்றால் பொதுவாகப் பாதி கேலரிக்கு, பாதி ஓவியருக்கு. அந்தக் கணக்கு, ஜிஎஸ்டி பில், காப்பீடு எல்லாம் இதே மேசையில்தான். பி.காம் வீண் என்று யார் சொன்னது?

கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: தெரிந்த ஓவியர் ஒருவரின் படங்களுக்கு அளவு, வண்ணம், வாங்கியவர் பெயர் எல்லாம் மகள் நோட்டில் எழுதி வைக்கிறாள், யாரும் சொல்லாமலே. அவள் நாட்டம் இதில்தான் இருக்கிறது. அதை மாற்றப் பார்க்காதீர்கள்.

அந்த நோட்டைக் கணினியில் ஏற்றி, பத்து ஓவியங்களுக்கு, மேலே சொன்ன மாதிரி விரிசல், கீறல் வரை முழு அறிக்கை எழுதட்டும். சென்னை, கொச்சி கேலரிகளுக்கு அதையே விண்ணப்பத்தோடு அனுப்பட்டும். கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும்போது அங்கே உதவியாளராகச் சேரவும் முயலட்டும். அங்கே விற்பனை இல்லை, ஆனால் பெட்டி பிரிப்பது முதல் சுவரில் மாட்டுவது வரை கண்ணால் பார்க்கலாம். ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், சொல்லிவிடுகிறேன்.

லண்டனைப் பற்றி இரண்டு வருடம் சம்பளம் வாங்கிய பிறகு பேசலாம், அதுவும் உதவித்தொகை கிடைத்தால் மட்டும். அத்தை கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.