டாக்டர் ஆகாவிட்டால் ரத்தத்தைப் படிக்கக் கூடாதா?

வணக்கம் ஐயா,

குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து, நீட் மதிப்பெண் தாளை மேசைமேல் வைத்து, "டாக்டர் சீட்டு கிடைக்காது, பாப்பா ரத்த ஆராய்ச்சின்னு சொல்றா. அதுல பொழைக்க முடியுமா சார்?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அன்று அரைகுறையாகப் பேசினேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தத் தாளைவிட பாப்பாவின் நோட்டுதான் என் மனதில் நின்றது. கடைசிப் பக்கத்தில் உங்கள் அக்கா வீட்டு வம்சத்தை வரைந்திருந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், தாய்மாமனைக் கட்டிய இடத்தில் இரட்டைக் கோடு. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோய் உள்ள பையனின் கட்டம் முழுக்கக் கருப்பு. அந்த நோயின் மரபணுவைச் சுமக்கும் அவன் அப்பா அம்மாவுக்குப் பாதிக் கருப்பு. ஓரத்தில், 'ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு' என்று எழுதியிருந்தாள். 'ஒவ்வொரு' என்ற சொல்லைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பதினேழு வயதுப் பெண் அந்தத் தவறைச் செய்யவில்லை.

ரத்த நோயை டாக்டர்கள்தான் ஆராய முடியும் என்று எண்ணாதீர்கள். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் சிக்கிள் செல் நோய்க்கு, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறின் மாற்றமே காரணம் என்று 1949ல் காட்டிய லைனஸ் பாலிங் ஒரு வேதியியல் விஞ்ஞானி. அந்தப் புரதத்தின் கண்ணிகளில் ஒன்றான ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதுதான் அத்தனைக்கும் மூலம் என்று அடுத்த சில ஆண்டுகளில் கண்டுபிடித்த வெர்னன் இங்ராமும் வேதியியல் படித்தவர்தான். அதே நோயின் மரபணு நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பது 1952லேயே பதிவாகிவிட்டது.

தூரத்துக் கதையாகத் தோன்றினால் நம் வேலூரையே பாருங்கள். 1986 முதல் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா ஏ நோய் கடுமையாக உள்ள 5 பேரின், ரத்த அணுக்களை உருவாக்கும் சொந்த ஸ்டெம் செல்லுக்குள், அவர்களிடம் குறையும் உறைகாரணியின் மரபணுவை வைரஸ் மூலம் ஏற்றித் திரும்பச் செலுத்திய ஆய்வு 2024 டிசம்பரில் வெளியானது. பாகாயத்தில் இருக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்துக்கும் அதில் பங்கு உண்டு. இப்படிப்பட்ட வேலைக்குப் படுக்கை அருகே மருத்துவர் வேண்டும். ஆய்வகத்தில் செல் வளர்க்கவும் மரபணுவைச் சரிபார்க்கவும் பாப்பா போன்றவர்கள் வேண்டும்.

இனி வழி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பில் சேர்த்துவிட வேண்டாம். அது நல்ல படிப்பு, ஆனால் பரிசோதனைக்கூட வேலைக்கானது. இவளுக்கு உயிர்வேதியியலோ உயிரித் தொழில்நுட்பமோ பொருந்தும். மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். கிடைத்தால் ஐந்தாண்டுப் படிப்பு. எங்கே சேர்ந்தாலும் புள்ளியியலை விடக் கூடாது, இன்று மரபணு ஆராய்ச்சியில் பாதி கணினிமுன் நடக்கிறது.

கல்லூரியைக் கட்டிடம் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அப்படி ஒரு கல்லூரிக்கு நான் அனுப்பிய பெண், மூன்றாம் ஆண்டு முடியும்வரை திரவத்தை அளந்தெடுக்கும் ஒரு பிப்பெட்டைக் கையில் பிடிக்கவில்லை. ஆசிரியர் செய்ய, அறுபது பேர் நின்று பார்த்தார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. சேர்க்கைக்குமுன் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாணவர்களிடமே கேளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இளங்கலை, முதுகலை ஐந்து ஆண்டு. பிறகு தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் பிஎச்.டி. படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. பிஎச்.டி. முடிய மொத்தம் ஐந்து ஆண்டு பிடிக்கலாம். நிரந்தர வேலை அதற்குப் பிறகுதான், அதுவும் போட்டிக்கு நடுவில். இருபத்தெட்டு வயதுவரை அவளைச் சம்பாத்தியத்துக்கோ கல்யாணத்துக்கோ நெருக்காமல் இருக்க வீட்டில் மனசு இருக்கிறதா? இதை அவள் அம்மாவோடும் பேசி முடிவெடுங்கள்.

இன்னொன்று, படிப்போடு சேராத விஷயம். உங்கள் அக்கா வழி உறவில் யாருக்கு வரன் பார்த்தாலும், உங்கள் பாப்பாவுக்கே ஆனாலும், முதலில் தலசீமியாவுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மரபணுவைச் சுமப்பவருக்கு உடம்பில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாப்பாவை அழைத்து வாருங்கள். அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் சொந்த வீட்டு வம்சத்தை அவள் இன்னும் வரையவில்லை.