கைதிலிருந்து தீர்ப்பு வரை: அமெரிக்க கிரிமினல் வழக்கு பற்றிக் கேள்வி பதில்

நியூ ஜெர்சியில் கிரிமினல் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பல வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். பொதுவாகக் கேளுங்கள், சொல்கிறேன். சொந்த கேஸ் இருந்தால் உங்கள் வக்கீலிடம் போங்கள்.

மதுரையிலிருந்து ஒரு சட்ட மாணவி: கைதுக்குப் பிறகு என்னென்ன நடக்கும்? முதலிலிருந்து சொல்லுங்கள்.

ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனி நடைமுறை, மத்திய அரசு வழக்குகளுக்கு இன்னொன்று. அதனால் பொதுவான பாதையைச் சொல்கிறேன். கைரேகை, போட்டோ எடுப்பார்கள். வாரண்ட் இல்லாத கைது என்றால், அதற்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி பார்க்க வேண்டும். முதல் ஆஜரில் குற்றச்சாட்டைச் சொல்லி, ஜாமீனை முடிவு செய்வார்கள்.

அடுத்தது கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குப் போடப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு. மத்திய அரசின் பெரிய வழக்குகளில் இது கட்டாயம். 16 முதல் 23 பேர் உட்காருவார்கள், 12 பேர் சம்மதித்தால் குற்றப்பத்திரிகை. அரசு வக்கீல் மட்டும்தான் பேசுவார், நம் வக்கீலுக்கு அந்த அறைக்குள்ளேயே இடமில்லை. பல மாநிலங்களில் இதற்குப் பதிலாக நீதிபதி முன் ஒரு பூர்வாங்க விசாரணை நடக்கும்.

பிறகு ‘குற்றவாளியா, இல்லையா’ என்று கேட்பார்கள். இந்தக் கட்டத்தில் அநேகமாக எல்லோரும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். அதன்பின் ஆதாரங்களைப் பார்க்கும் காலம். குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரம் கையில் இருந்தால் அரசுத் தரப்பு அதை மறைக்கக் கூடாது. இது 1963-ல் வந்த பிரேடி தீர்ப்பு. சட்டவிரோதமாகச் சோதனை போட்டு எடுத்த பொருளை ஒதுக்கச் சொல்லி மனு போடுவதும் இப்போதுதான். கேஸின் உயிர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது, சினிமாவில் இதைக் காட்ட மாட்டார்கள். கடைசியில் ஒப்புதல் பேரம், அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்வது. அல்லது ஜூரி விசாரணை. ஜூரி ஒருமனதாகச் சொன்னால்தான் தண்டனை. லூசியானா, ஓரிகன் இரண்டிலும் 12-க்கு 10 போதும் என்று இருந்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது.

சேலம்: ‘நியூயார்க் சுப்ரீம் கோர்ட் தண்டித்தது’ என்று படித்தேன். அதற்கு மேல் அப்பீல் எங்கே?

நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்பது விசாரணை நீதிமன்றம். மாநிலத்தின் உச்சிக்கு அங்கே ‘கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்’ என்று பெயர். பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

போலீஸ் மிராண்டா உரிமைகளைப் படிக்கவில்லை. கேஸ் விழுந்துவிடுமா?

விழாது. ‘பேசாமல் இருக்கலாம், வக்கீல் கேட்கலாம்’ என்று போலீஸ் சொல்லும் எச்சரிக்கைதான் மிராண்டா. காவலில் வைத்துக் கேள்வி கேட்டால்தான் அது தேவை. படிக்காமல் கேட்டிருந்தால் நீங்கள் சொன்ன பதிலைச் சாட்சியமாக வைக்க முடியாது, அவ்வளவுதான். ‘விளக்கிச் சொன்னால் விட்டுவிடுவார்கள்’ என்று நம்பித்தான் பலர் மாட்டுகிறார்கள். வக்கீல் வேண்டும் என்று சொல்லிவிட்டு வாயை மூடுங்கள்.

டாலஸ்: ஜாமீனுக்கு முழுப் பணமும் கட்ட வேண்டுமா?

முடியாதவர்கள், முழுத் தொகைக்கும் கோர்ட்டில் பொறுப்பேற்கும் ஜாமீன் ஏஜென்டிடம் பத்து சதவீதம் போலக் கட்டுவார்கள். அந்தப் பணம் திரும்பாது. நியூ ஜெர்சி 2017-லிருந்து பண ஜாமீனை அநேகமாகக் கைவிட்டது. இல்லினாய் 2023-ல் முழுதாகவே ஒழித்தது.

சென்னை: பேரம் என்கிறீர்களே, குற்றம் செய்யாதவன் எதற்கு ஒப்புக்கொள்வான்? நம்ப முடியவில்லை.

2012-ல் உச்ச நீதிமன்றமே சொன்ன கணக்கு: மத்திய அரசு வழக்குகளில் தண்டனை பெறுபவர்களில் 97 சதவீதம், மாநில வழக்குகளில் 94 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டவர்கள். கென்டக்கியில் ஹேய்ஸ் என்பவர் மேல் 88 டாலர் 30 சென்ட் போலிச் செக் வழக்கு. ஒப்புக்கொண்டால் ஐந்து வருடம் கேட்கிறேன், மறுத்தால் பழைய தண்டனைகளைச் சேர்த்து ஆயுள் தண்டனைக்கு வழக்குப் போடுவேன் என்றார் அரசு வக்கீல். ஹேய்ஸ் மறுத்தார், ஆயுள் கிடைத்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதைச் சரி என்றது.

அதே சென்னை: ஹேய்ஸ் நிரபராதி என்று நீங்கள் சொல்லவில்லையே!

சொல்லவில்லை. ஐந்து வருடமா, ஆயுளா என்று கேட்டால் உங்கள் கை நடுங்காதா என்றுதான் கேட்கிறேன். நிரபராதி என்று சொல்லிக்கொண்டே ஒப்புக்கொண்டவர் வேண்டுமா? வட கரோலினாவில் ஆல்ஃபர்ட். ‘நான் கொல்லவில்லை, மரண தண்டனைக்குப் பயந்து ஒப்புக்கொள்கிறேன்’ என்று கோர்ட்டிலேயே சொன்னார். 1970-ல் அதுவும் செல்லும் என்றார்கள். அவர் உண்மையில் கொன்றாரா என்று அடுத்த கேள்வி கேட்காதீர்கள், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

விசாவில் வந்து படிக்கும் மாணவர்: கடையில் சின்னப் பொருள் எடுத்ததாகக் கேஸ். ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டால் முடிந்ததுதானே?

இதே கேள்வி நான்காவது முறை வருகிறது. முடியாது! நீங்கள் குடிமகன் இல்லை. ஃபைனோடு கோர்ட் மறந்துவிடும், குடியேற்றத்துறை மறக்காது. பதில்லா என்பவர் நாற்பது வருடத்துக்கு மேல் சட்டப்படி அமெரிக்காவில் குடியிருந்தவர், வியட்நாம் போரில் பணியாற்றியவர். கவலை வேண்டாம் என்ற வக்கீலை நம்பிப் போதைப்பொருள் வழக்கில் ஒப்புக்கொண்டார், நாடுகடத்தல் வந்து நின்றது. ஒப்புக்கொள்ளும் முன் அந்த ஆபத்தை வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2010-ல் தீர்ப்பு வந்தது அவரால்தான். கிரிமினல் வக்கீல், குடியேற்ற வக்கீல் இருவரையும் பாருங்கள்.

ஜூரி விடுவித்தால் அரசு அப்பீல் போகலாமா?

இந்தியாவில் போகலாம், இங்கே முடியாது. ஆனால் மாநில வழக்கில் விடுதலையானாலும், அதே செயலுக்கு மத்திய அரசு தனியாக வழக்குப் போடலாம். 2019-லும் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

விவாகரத்து வழக்கு எவ்வளவு நாள் ஆகும்?

என் துறை இல்லை.

வாயை மூடு என்கிறீர்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் போதாதா?

போதாது. மிச்சிகனில் தாம்ப்கின்ஸ் என்பவர் கொலை வழக்கில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் போலீஸ்காரர், ‘சுட்டதற்கு மன்னிக்கச் சொல்லிக் கடவுளிடம் வேண்டுகிறாயா?’ என்று கேட்டார். ‘ஆமாம்’ என்றார். அந்த ஒரு சொல்லைச் சாட்சியமாக வைத்தது செல்லும் என்றது 2010 தீர்ப்பு. பேச மாட்டேன், வக்கீல் வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் மூடுங்கள்.