ஸ்டுடியோ ஃப்ளாஷுக்குத் தனியாக லைட் மீட்டர் வாங்குவது தண்டச் செலவா?

கேள்வி: வீட்டு மாடி அறையில் சின்னதாக ஸ்டுடியோ போடுகிறேன். இரண்டு ஸ்டுடியோ ஃப்ளாஷ், ஒரு சாஃப்ட்பாக்ஸ், ஒரு குடை வாங்கியாகிவிட்டது. டிஜிட்டலில் எடுத்த படம் உடனே திரையில் தெரிகிறதே, கையில் பிடிக்கிற லைட் மீட்டர் தண்டச் செலவுதானே?

பதில்:

"தண்டச் செலவு" என்ற வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. 2009 வரைக்கும் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்கு நான் கொடுத்த விலை, அன்றைக்கு ஒரு புது மீட்டரின் விலையைவிட அதிகம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீட்டரைத் தொடாமலே அருமையாகப் படம் எடுப்பவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். "ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டு-வெளிச்சத்தைக் கேமரா வரைந்து காட்டும் வரைபடம்) எதுக்கு இருக்கு அங்கிள்" என்று கீழே கமெண்டில் வரப்போகிற தம்பிகளும் இதைப் படித்துவிட்டு வரட்டும்.

நான் 1995-ல் விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். பாஸ்போர்ட் சைஸும் காதுகுத்தும் போக அவருக்கு இன்னொரு வருமானம் இருந்தது. பக்கத்திலேயே சிவகாசி. காலண்டர் அச்சடிக்கிற அச்சகங்களுக்குக் குழந்தைப் படங்கள், பூச்சாடி, விளக்கு என்று எடுத்துக் கொடுப்பார். அச்சகத்துக்கு நெகட்டிவ் ஆகாது, ஸ்லைடு (நேரடியாகப் பாசிட்டிவாக வரும் ஃபிலிம்) வேண்டும். நெகட்டிவில் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது) முன்னே பின்னே போனாலும் பிரிண்ட் போடும்போது சமாளிக்கலாம். ஸ்லைடு அப்படி இல்லை, அரை ஸ்டாப் கூடினாலே வெளுத்துவிடும். மாமியா ஆர்பி 67 கேமராவில் ஒரு ரோலுக்குப் பத்தே படம். கழுவுவதற்கு பஸ் பார்சலில் மெட்ராஸ் போய்த் திரும்பி வர நாலு நாள். அதற்குள் குழந்தை திருநெல்வேலியில் அதன் ஆச்சி வீட்டுக்குப் போயிருக்கும்.

அதனால் அண்ணாச்சியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மினோல்டா ஆட்டோ மீட்டர் 4எஃப் இருக்கும். சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்தது. தலையில் பாதியாக வெட்டிய பிங்பாங் பந்து மாதிரி வெள்ளைக் குமிழ். ஒருநாள் கிருஷ்ணர் வேஷம் போட்ட ஒன்றரை வயசுக் குழந்தையின் தாடைக்குக் கீழே அதை நீட்டினார். வெண்ணெய் உருண்டை என்று நினைத்ததோ என்னவோ, எட்டிப் பிடித்து நக்கிவிட்டது. அண்ணாச்சி பதறவில்லை. வேட்டி முனையால் துடைத்தார், மறுபடி நீட்டினார், "அடிடா" என்றார். நான் ஃப்ளாஷை அடித்தேன். எஃப் 11 என்று காட்டியது (அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சின்னது). அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சே இல்லை.

அப்போது எனக்கு அது ஏதோ பெரிய மனிதர் தோரணை மாதிரி பட்டது. டிஜிட்டல் வந்ததும் "இனிமே அந்த டப்பா எதுக்கு?" என்று முதலில் பேசியவனே நான்தான்.

2009-ல் மதுரையில் தனியாகத் தொழில் பண்ணிக்கொண்டிருந்தேன். நிக்கான் டி90, இரண்டு ஃப்ளாஷ், இரவல் சாஃப்ட்பாக்ஸ். ஒரு ஜவுளிக்கடையில் கேட்லாக் வேலை கிடைத்தது. சுங்குடியும் பட்டுமாக அறுபது சேலை, ஒரே மாடல் பெண், ஒரே இடம், இரண்டு நாள். முதல் சேலை பச்சை, எஃப் 8-ல் எடுத்தேன், திரையில் நன்றாக இருந்தது. அடுத்தது சந்தன நிறம். திரையில் பளீரென்று தெரிந்தது, 11-க்கு மூடினேன். அதற்கடுத்தது கறுப்புப் பட்டு. இருண்டு தெரிந்தது, 5.6-க்குத் திறந்தேன். இப்படியே அறுபது சேலைக்கும் திரையைப் பார்ப்பதும் திருகுவதுமாக ஓட்டினேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு படமும் அழகு.

லேஅவுட் போடுகிறவர் ஒரு பக்கத்துக்கு ஆறு படமாக அடுக்கினார். கடை முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இது ஒரே பொண்ணா, ஆறு பொண்ணா?"

சந்தனச் சேலையில் அந்தப் பெண் கருத்திருந்தாள். கறுப்புச் சேலையில் பவுடர் அப்பியதுபோல வெளுத்திருந்தாள். 11-க்கும் 5.6-க்கும் இரண்டு ஸ்டாப், அதாவது முகத்தில் நாலு மடங்கு வித்தியாசம். ஜேபெக்கில் எடுத்திருந்தேன். (பிறகு திருத்த அதிக இடம் தருகிற ரா ஃபைலாக எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.) நாலு ராத்திரி உட்கார்ந்து முகங்களைச் சமன் பண்ணினேன். கறுப்புப் பட்டில் ஜரிகை ஏற்கெனவே வெடித்து வெள்ளையாகப் போயிருந்தது, அங்கே இழுத்துப் பிடிக்க ஒன்றுமே மிச்சமில்லை. பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள்.

அழாத குறையாக விருதுநகர் போனேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார்.

"லைட்டை நகட்டினியா?"

"இல்ல அண்ணாச்சி."

"பவரைக் கூட்டிக் குறைச்சியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடா அப்பர்ச்சரைத் திருகின? சேலைக்குத் தக்கன வெளிச்சம் மாறுமா?"

கேமராவுக்குள் இருக்கிற மீட்டரும் திரையைப் பார்க்கிற நம் கண்ணும் பண்ணுகிற தப்பு ஒன்றுதான். பொருளில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சத்தைப் பார்த்து முடிவு பண்ணுகிறோம். வெள்ளை அதிகமாகத் திருப்பும், கறுப்பு விழுங்கிவிடும், எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலுக்கு இழுக்கப் பார்ப்போம். வெள்ளைக் குமிழை முகத்தருகே வைத்து அளக்கும்போது மீட்டருக்குச் சேலையின் நிறமும் தெரியாது, ஆளின் நிறமும் தெரியாது. வந்து விழுகிற வெளிச்சம் மட்டும்தான் தெரியும். அதன்படி எடுத்தால் கறுப்பு கறுப்பாக வரும், சந்தனம் சந்தனமாக வரும், நம்ம ஊர் மாநிறம் மாநிறமாகவே வரும்.

இன்னொன்று, கேமராவின் சொந்த மீட்டர் ஸ்டுடியோ ஃப்ளாஷை அளக்கவே அளக்காது. ஷட்டர் திறந்த பிறகுதான் ஃப்ளாஷ் மின்னுகிறது, அது அளப்பது அதற்கு முன்னால் அறையில் இருக்கிற டியூப் லைட்டை. டிடிஎல் ஃப்ளாஷ் (லென்ஸ் வழியாகக் கேமராவே அளந்து பவரை முடிவு பண்ணுவது) முன்கூட்டி ஒரு சின்ன மின்னல் அடித்துப் பார்த்துக்கொள்ளும், ஆனால் அதுவும் திரும்பி வரும் வெளிச்சம்தான். மிரர்லெஸ் வைத்திருந்தால் வ்யூஃபைண்டரில் எக்ஸ்போஷர் ப்ரிவ்யூவை அணைத்து வையுங்கள். 1/125, எஃப் 8-ல் அறை வெளிச்சத்துக்கு எல்லாம் இருட்டாகத்தான் தெரியும். கேமரா ரிப்பேர் என்று ஒரு பையன் எனக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணினான்.

இப்போது ஒரு புத்திசாலி கேட்பார்: "அப்படியென்றால் உங்களுக்கு மீட்டர் தேவைப்படவில்லையே, அப்பர்ச்சரைத் தொடாமல் இருந்திருந்தாலே போதுமே?" நியாயமான கேள்வி. ஆனால் கறுப்புச் சேலை திரையில் இருண்டு தெரியும்போது கை சும்மா இருக்காது. "8" என்று ஒரு கருவி காட்டினால்தான் கை அடங்குகிறது. எனக்கு அப்படி. உங்களுக்குக் கட்டுப்பாடு அதிகம் இருந்தால் நல்லது.

மீட்டரின் நிஜமான லாபம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதம் கழித்து அதே கடை (ஆமாம், அதே கடை, வேறு ஆள் சிக்கவில்லை போல) இன்னும் முப்பது சேலை கொடுத்தது. பழைய பக்கங்களோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்றார்கள். இந்தத் தடவை அண்ணாச்சியின் மீட்டரை இரவல் வாங்கி, எதிர்ப்பக்கக் காதோரம் எவ்வளவு நிழல் விழுகிறது என்பதைப் பழைய நல்ல படங்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு ஒருவழியாகப் பிடித்தேன். பிடித்ததும் நோட்டில் எழுதினேன்: மெயின் லைட் 8, நிழலைக் குறைக்கிற ஃபில் லைட் 4-ல் 5, பின்னணி 11. அதற்கடுத்த வருஷம் வேறு அறை, வேறு சாஃப்ட்பாக்ஸ். நோட்டைப் பார்த்து ஒவ்வொரு லைட்டாக அளந்து வைத்தேன், கால் மணி நேரத்தில் பழைய வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. இதை ஹிஸ்டோகிராமில் செய்து காட்டுங்கள், நான் மீட்டரை விற்றுவிடுகிறேன்.

அந்த "4-ல் 5" கொஞ்சம் ஏமாற்றும். மீட்டரில் 4 என்று பெரிதாகவும் பக்கத்தில் 5 என்று சின்னதாகவும் காட்டும். அது எஃப் 4.5 இல்லை. 4-க்கு மேல் பத்தில் ஐந்து ஸ்டாப், அதாவது 4-க்கும் 5.6-க்கும் நடுவில்.

அளக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீட்டரிலும் கேமராவிலும் ஒரே ஐஎஸ்ஓ. ஷட்டர் 1/125, உங்கள் கேமராவின் சிங்க் வேகத்தை (ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) தாண்டினால் படத்தின் ஒரு ஓரம் கறுப்புப் பட்டையாக வரும். மீட்டரைக் கம்பியில்லா ஃப்ளாஷ் நிலையில் வைத்துப் பட்டனை அமுக்கினால் மின்னல் குறி கண்சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும், அப்போது ஃப்ளாஷை மின்னவைக்கும் ட்ரிக்கரை அடியுங்கள். ஒவ்வொரு லைட்டையும் தனியாக அளக்கும்போது மற்றதை அணைத்துவிட்டு, குமிழை அந்த லைட்டைப் பார்த்துத் திருப்புங்கள். கடைசியில் எல்லாம் எரியும்போது தாடைக்குக் கீழே குமிழ் கேமராவைப் பார்க்கட்டும். (கடைசி அளவையும் லைட்டைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தினமும் ஒரே மாதிரி பிடியுங்கள், போதும்.) அளக்கும்போது ஓரமாக நின்று கையை மட்டும் நீட்டுங்கள். முதல் மாதம் நான் என் நிழலையே அளந்துகொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டையும் வேண்டாம், அதுவே ஒரு ரிஃப்ளெக்டர்.

வெள்ளைப் பின்னணி வேண்டுமென்றால் அதை முகத்தைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாக வையுங்கள். அளவில்லாமல் ஏற்றினால் முடியின் ஓரத்தை வெளிச்சம் தின்றுவிடும். கல்யாண மண்டபத்துக்காரர்கள் எல்இடி சுவரை வைத்துக்கொண்டு இதைத்தான் பண்ணுகிறார்கள், மாப்பிள்ளைக்குக் காதே இருக்காது.

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. என் பீரோவில் இந்த நிமிஷம் பதினொரு ஆல்பம் இருக்கிறது. எல்லாம் முடித்து, அட்டை போட்டு, பெட்டியில் வைத்தது. முன்பணம் கொடுத்தவர்கள் பாக்கியைக் கொடுத்து எடுத்துப்போக வரவில்லை. கேட்டால், "பென்டிரைவ்லதான் எல்லாம் வாங்கிட்டோமே சார்." ஒரு தம்பதிக்கு இரண்டாவது குழந்தையே பிறந்துவிட்டது, அதன் மொட்டைக்குப் படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். போனேன். ஆல்பப் பேச்சை எடுக்க வாய் வரவில்லை. இதற்கும் லைட் மீட்டருக்கும் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

மீட்டர் உதவாத இடங்களும் உண்டு. குத்துவிளக்கு, வெள்ளிச் சாமான், நகையெல்லாம் எதிரில் இருப்பதைப் பிரதிபலிப்பவை. அங்கே வந்து விழும் வெளிச்சத்தின் கணக்கு பாதிதான் உண்மை, கண்தான் வேலை செய்ய வேண்டும். மேக்ரோவில் ஒன்றுக்கு ஒன்று அளவுக்கு (பொருளும் சென்சாரில் விழும் பிம்பமும் ஒரே அளவு) நெருங்கினால் கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் லென்ஸிலேயே காணாமல் போகும், மீட்டருக்கு அது தெரியாது. இன்னொன்று, மலிவான ஃப்ளாஷ் ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறு அளவைத் துப்பும். அதை மீட்டர் திருத்தாது, காட்டிக்கொடுக்கும். உங்கள் இரண்டு ஃப்ளாஷையும் பத்துப் பத்து முறை அடித்து அளந்து பாருங்கள். அளவு ஒரு ஸ்டாப்பில் பத்தில் இரண்டு, மூன்று பங்கு வரை ஆடினால் பரவாயில்லை. அதற்குமேல் ஆடினால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. நான் இப்போது வைத்திருக்கும் செகோனிக் எல்-308 செகண்ட் ஹேண்டில் 9,000 ரூபாய்க்கு வாங்கியது. ஒரே ஒரு பென்சில் செல், வருஷக்கணக்கில் ஓடுகிறது. பழையது வாங்கும்போது செல் போடும் மூடியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள், குமிழ் மஞ்சளடித்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாடலில் குமிழ் பக்கவாட்டில் நகரும். அது ஓரமாக நகர்ந்திருப்பதைக் கவனிக்காமல் அளந்துவிட்டு மீட்டர் பொய் சொல்கிறது என்று திட்டாதீர்கள், நான் திட்டியிருக்கிறேன். மினோல்டா கிடைத்தாலும் நல்லதுதான், ஆனால் கோனிகா மினோல்டா 2006-லேயே கேமரா தொழிலைவிட்டுப் போய்விட்டது, கெட்டால் பார்ட்ஸுக்கு அலைய வேண்டும். அண்ணாச்சியின் மீட்டர் இன்னும் ஓடுகிறது. அவர் பேரன் அதை விற்கமாட்டேன் என்கிறான், நானும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒன்று கேட்க விட்டுவிட்டேன். உங்கள் ஃப்ளாஷ் எத்தனை வாட்-செகண்ட் என்று எழுதவில்லையே. மாடி அறை பத்துக்குப் பத்து என்றால், 400 வாட்-செகண்ட் லைட்டைக் குறைந்தபட்ச பவரில் வைத்தாலும் பக்கத்திலிருந்து எஃப் 8, 11 என்று காட்டலாம். 2.8-ல் பின்னணியை மங்கலாக்கி எடுக்கும் ஆசை இருந்தால் மீட்டர் வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு என்டி ஃபில்டர் (லென்ஸில் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கிற சாம்பல் கண்ணாடி) வாங்க வேண்டிவரும். எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.